‘வீட்டிலேயே இருங்கள்’ என்றால் ஊதியம் என்னாகும்?

2020-ஆம் ஆண்டில் பெங்களூரு வீடுகளின் வாயிற்கதவுகளில் தனிமைப்படுத்தல் அறிவிப்புகள் ஒட்டப்பட்டிருந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அல்சூர்க் கடைவீதியில் விற்பனைப் பணியாளராக இருப்பவரின் அண்டை வீட்டாருக்குத் தொற்று உறுதியாகும். பணியாளருக்குக் காய்ச்சலோ இருமலோ இராது. ஆயினும், ‘பதினான்கு நாள் கடைப் பக்கம் வர வேண்டாம்’ என்று உரிமையாளர் தொலைபேசியில் சொல்லிவிடுவார். மாத இறுதியில் அப்பணியாளரின் சேமிப்புக் கணக்கில் பாதிச் சம்பளமே வரவாகும். கடன் தவணைக்கான தொகையோ வழக்கம்போல் முழுமையாகக் கழிக்கப்பட வேண்டியிருக்கும்.

அந்தப் பதினான்கு நாள் ஊதியத்தை ஏற்க வேண்டியவர் யார்? உரிமையாளரா, அரசா, காப்புறுதித் திட்டமா, பணியாளரேவா? இக்கேள்வி கோவிட்டோடு முடிந்துவிடவில்லை. கேரளத்தில் நிபா தொற்று தலைகாட்டும்போதெல்லாம் நோயாளிகளோடு தொடர்பில் இருந்தோர் 21 நாள் கண்காணிப்பில் வைக்கப்படுகின்றனர். எனவே, இதன் விடையைப் பணியாளரும் சிறு வணிகரும் அறிந்து வைத்திருப்பது நலம்.

சட்டத்தில் ஓர் இடைவெளி

தொற்றுநோய்ச் சட்டம் 1897-இல் பிளேக் நோயை எதிர்கொள்ள இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டே பெங்களூரு நகரத்தையும் அல்சூரை உள்ளடக்கிய தண்டுப் பகுதியையும் அந்நோய் தாக்கியது. மக்களைத் தனிமைப்படுத்தும் அதிகாரத்தை அச்சட்டம் அரசுக்கு வழங்கிற்று. செலவுகளை யார் ஏற்பது என்பதையும், இழப்பீடு ஏதேனும் இருப்பின் அதனையும் அரசே தீர்மானிக்கலாம் என்றது. ஆனால், தனிமைப்படுத்தப்பட்டவரின் ஊதியம் பற்றி அதில் விதி எதுவும் இல்லை.

அரசு ஊழியர்களுக்கு மட்டும் பழைய விதிகள் ஒரு வழி வைத்திருந்தன. வீட்டில் எவருக்கேனும் பெரியம்மை, காலரா போன்ற தொற்று கண்டால், ‘குவாரண்டைன் விடுப்பு’ என்ற பெயரில் 21 நாள் வரையிலும், இன்றியமையாத நிலையில் 30 நாள் வரையிலும் மத்திய அரசு ஊழியர் வீட்டில் இருக்கலாம். அந்நாள்களுக்கு ஊதியம் தடைபடாது. நோயுறாமலேயே பிறர் நலனுக்காக விலகியிருப்பவர் தண்டிக்கப்படலாகாது என்ற நியாயமே இதன் அடிப்படை. தனியார் துறைப் பணியாளருக்கு இதற்கிணையான பொது விதி இல்லாததே 2020-இல் எழுந்த குழப்பத்தின் வேர்.

மூன்று நிலைகள்

‘வீட்டில் இருக்கச் சொன்னார்கள்’ என்ற ஒரே தொடர் மூன்று வெவ்வேறு நிலைகளைக் குறிக்கக் கூடும். உரிமையும் அதற்கேற்ப மாறும்.

முதலாவது, பணியாளர் உண்மையிலேயே நோயுற்ற நிலை. மாத ஊதியம் ரூ.21,000-க்கு மேற்படாதவர் இ.எஸ்.ஐ. திட்டத்தில் இருப்பாராயின், மருத்துவச் சான்றின் பேரில் சராசரி நாள் ஊதியத்தில் 70 விழுக்காட்டை, ஆண்டுக்கு 91 நாள் வரை நோய்க்காலப் பலனாகப் பெறலாம். அதற்குரிய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளேனும் அவருக்காகப் பங்களிப்புச் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். பொதுவாக முதல் இரண்டு நாள்களுக்குப் பலன் கிடையாது.

இரண்டாவது, நோயில்லை, ஆனால் அரசு அதிகாரியின் ஆணைப்படி தனிமையில் இருக்கும் நிலை. இங்கேதான் சிக்கல். இ.எஸ்.ஐ. சட்டத்தின் பார்வையில், மருத்துவச் சிகிச்சை தேவைப்பட்டு, அதன் காரணமாக வேலைக்குச் செல்ல இயலாத நிலையே ‘நோய்’. அறிகுறியற்ற தொடர்பாளர் இவ்விளக்கத்திற்குள் எளிதில் அடங்குவதில்லை. அவருக்குக் கைகொடுப்பது விடுப்புச் சட்டமே. 1961-ஆம் ஆண்டின் கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம், 15(3)-ஆம் பிரிவில், ஆண்டுக்கு 12 நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்புக்கு வகை செய்கிறது. நோய், விபத்து ஆகியவற்றோடு ‘நியாயமான வேறு காரணம்’ என்பதையும் அப்பிரிவு சேர்த்துக்கொண்டுள்ளது. அரசு ஆணையால் வெளியே வர இயலாமையைவிட நியாயமான காரணம் வேறென்ன இருக்க முடியும்?

மூன்றாவது, அரசு ஆணையும் இல்லை, நோயும் இல்லை. உரிமையாளரே முன்னெச்சரிக்கையாக ‘வர வேண்டாம்’ என்று சொல்லும் நிலை. பணியாளரின் வாதம் மிக வலுவாக இருப்பது இங்கேதான். ஜானகிராமன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் ஒரு கோட்பாட்டைத் தெளிவுபடுத்தியது. வேலை செய்ய விருப்பமுள்ள ஊழியரை, அவர் தவறு ஏதுமின்றி, நிர்வாகமே வேலையிலிருந்து விலக்கி வைத்தால், ‘வேலையில்லையேல் ஊதியமில்லை’ என்ற பொது விதி பொருந்தாது என்பதே அது. அது அரசு ஊழியரின் பதவி உயர்வு தொடர்பான வழக்கு. எனவே ஒவ்வொரு கடைக்கும் அப்படியே பொருந்தும் என்று கூறிவிட இயலாது. ஆயினும், ‘நான் வரத் தயாராக இருந்தேன், வரக்கூடாது என்றவர் நீங்கள்’ என்னும் வாதத்திற்கு அக்கோட்பாடு வலுவூட்டுகிறது.

2020-இன் ஆணைகள் சொன்னவை

2020 மார்ச்சில் கர்நாடகத் தொழிலாளர் துறை, தொற்றுக்கு உள்ளான ஊழியர்களுக்கு 28 நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்பு வழங்குமாறு நிறுவனங்களைப் பணித்தது. இ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ளோருக்கு அதன் வழியாகவும், பிறருக்கு மேற்கூறிய 15(3)-ஆம் பிரிவின் வழியாகவும் அது நிறைவேற வேண்டும் என்பதே ஏற்பாடு. உத்தரப் பிரதேச அரசின் மார்ச் 20-ஆம் தேதி ஆணை, நோயுற்றோரோடு தனிமைப்படுத்தப்பட்டோரையும் இந்த 28 நாள் விடுப்பில் சேர்த்தது.

மார்ச் 29 அன்று, பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ், ஊரடங்கால் நிறுவனம் மூடப்பட்டிருந்த காலத்திற்கும் ஊதியத்தைப் பிடித்தமின்றி வழங்குமாறு மத்திய உள்துறை ஆணையிட்டது. மே 18 முதல் அவ்வாணை நடைமுறையில் இல்லை. இதனை எதிர்த்த வழக்கில், ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம், ஊதியம் தராத நிறுவனங்கள்மீது கடும் நடவடிக்கை எடுக்கலாகாது என்றது. இரு தரப்பாரும் தொழிலாளர் துறையின் துணையோடு பேசி முடிவு காணலாம் என வழிகாட்டியது. நெருக்கடிக்கால ஆணைகள் வரும், போகும்; நிலைத்திருப்பவை நிலையான சட்டத்தின் உரிமைகளே என்பது இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம்.

சிங்கப்பூர் இச்சுமையைப் பகிர்ந்துகொண்ட முறை கருதத்தக்கது. அங்கே அரசின் தனிமைப்படுத்தல் ஆணையில் இருந்த நாள்கள் ஊதியத்துடன் கூடிய மருத்துவ விடுப்பாகக் கருதப்பட்டன. உரிமையாளருக்கு நாளொன்றுக்கு 100 சிங்கப்பூர் வெள்ளி வீதம் அரசு ஈடு செய்தது.

ஒரு கணக்கு

ரூ.18,000 மாத ஊதியம் பெறும் இருவர் ஒரே கடையில் பணிபுரிவதாகக் கொள்வோம். புரிதலுக்காக நாள் ஊதியத்தை ரூ.600 என வைத்துக்கொள்வோம். இருவரும் 14 நாள் வரவில்லை.

முதலாமவர் நோயுற்றவர், இ.எஸ்.ஐ. பலன் பெறத் தகுதியுள்ளவர். முதல் இரு நாள் நீங்கலாக 12 நாளுக்கு, நாளொன்றுக்கு ரூ.420 வீதம், ரூ.5,040 பெறுவார்.

இரண்டாமவர் நோயுறாத தொடர்பாளர். 12 நாளைச் சட்டப்படியான ஊதிய விடுப்பிலும், எஞ்சிய இரு நாளை ஈட்டிய விடுப்பிலும் கழித்தால் ரூ.8,400 முழுமையாகக் கிடைக்கும். ‘ஊதியமில்லா விடுப்பு’ எனப் பதிவானால் கிடைப்பது ஒன்றுமில்லை. பதிவேட்டில் எழுதப்படும் ஒரு சொல்லின் மதிப்பு இங்கே ரூ.8,400.

ஒரே நாளுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பையும் இ.எஸ்.ஐ. பலனையும் சேர்த்துப் பெற இயலாது என்பதையும் நினைவில் கொள்க.

பணியாளர் செய்ய வேண்டியவை

1. ‘வர வேண்டாம்’ என்ற அறிவுறுத்தலை எழுத்தில் பெறுக. தொலைபேசியில் சொல்லப்பட்டிருந்தால், அன்றே வாட்ஸ்அப் அல்லது மின்னஞ்சலில், ‘தாங்கள் கூறியவாறு இன்று முதல் வீட்டில் இருக்கிறேன், பணிக்கு வர ஆயத்தமாக உள்ளேன்’ என்று தாமே எழுதி அனுப்புக.

2. அரசு ஆணையாயின் அதன் நகலையோ, கதவில் ஒட்டிய அறிவிப்பின் படத்தையோ தேதி தெரியுமாறு பாதுகாத்திடுக.

3. எந்த விடுப்பு எனக் குறிப்பிட்டு விண்ணப்பிக்க. ஊதியமில்லா விடுப்புக்கு ஒப்புதல் என எழுதப்பட்ட தாளில் படித்துப் பாராமல் கையொப்பமிட வேண்டா.

4. அறிகுறி தோன்றினால் உடனே இ.எஸ்.ஐ. மருந்தகத்தை அணுகிச் சான்று பெறுக. அல்சூர்வாசிகளுக்கு இந்திராநகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை அருகிலேயே உள்ளது.

5. பேச்சில் தீர்வு எட்டாவிடில், பன்னர்கட்டா சாலையில் உள்ள கார்மிக பவனில் தொழிலாளர் துறையிடம் முறையிடலாம்.

உரிமையாளர் கருத வேண்டியவை

நம் வாடிக்கையாளருள் சிறு கடை உரிமையாளரும் பலர். விற்பனை குன்றிய மாதத்தில் வேலை செய்யாதவருக்கும் ஊதியம் தருவது எளிதன்று. ஆயினும், ஊதியம் போய்விடும் என்று அஞ்சும் பணியாளர் தொற்றுத் தொடர்பை மறைத்துவிட்டு வேலைக்கு வருவார். அதனால் கடையே மூடப்படும் நிலை ஏற்படின், இழப்பு இருவார ஊதியத்தைவிடப் பன்மடங்காகும். விடுப்புக் கணக்கை ஒழுங்காகப் பேணுவதும், இ.எஸ்.ஐ. பங்களிப்பை உரிய நாளில் செலுத்துவதும் அத்தகைய வேளையில் உரிமையாளரையும் காக்கும். அவரது பங்கு ஊதியத்தில் 3.25 விழுக்காடு, பணியாளரது பங்கு 0.75 விழுக்காடு.

வங்கியோடு பேசுக

ஊதியம் குறையும் என்று தெரிந்தவுடன், தவணை நாளுக்கு முன்பே கிளையை அணுகுக. தவணைத் தொகை கணக்கில் இல்லாமல் திரும்பினால் கட்டணமும் சேரும். கடன் மதிப்பெண்ணும் சரியக் கூடும். 2020-இல் ரிசர்வ் வங்கி அனுமதித்த தவணை ஒத்திவைப்பு மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை நீடித்தது. அது தவணையைத் தள்ளி வைத்ததேயன்றி, அக்காலத்து வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. அதே ஆண்டு வருங்கால வைப்பு நிதியிலிருந்து மூன்று மாத அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும், அல்லது இருப்பில் 75 விழுக்காடு, இவற்றுள் குறைவானதைத் திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத முன்பணமாகப் பெறவும் வழி செய்யப்பட்டது. ஓய்வுக்காலச் சேமிப்பைக் கரைக்கும் அவ்வழி, விடுப்பு உரிமையைக் கேட்டுப் பெற்ற பின்னரே நாட வேண்டியது.

ஆகவே, இன்றே தங்கள் ஊதியச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இ.எஸ்.ஐ. பிடித்தம் அதில் இருக்கிறதா, விடுப்பு இருப்பு எத்தனை நாள் என்பவற்றைக் குறித்து வையுங்கள். தெளிவில்லையெனில் நிறுவனத்தின் கணக்காளரிடம் இப்போதே கேட்டறியுங்கள்; நோய்க்காலத்தில் கேட்பதைவிட இது எளிது.