யார் யாருடைய வருமானம்?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இ-சேவை மையத்துக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு வருமானம் இருந்தா கிடைக்கும்?" என்பதுதான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, யார் யாருடைய வருமானத்தைச் சேர்த்துப் பார்க்கிறார்கள் என்பது. பிள்ளை வளர்க்கும் எல்லாக் குடும்பத்துக்கும் பொதுவான ஒரே உதவித்தொகை நம் நாட்டில் இல்லை. மகளிர் உரிமைத்தொகை, பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம், மகப்பேறு நிதியுதவி, வருமான வரிச் சலுகை என்று துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. ஒவ்வொன்றும் குடும்பத்துக்குத் தனித்தனி எல்லை போடுகிறது. தகுதியுள்ளவர்கள் கை நழுவ விடுவதற்கு, இந்த எல்லையைப் பார்க்காமல் தொகையை மட்டும் பார்ப்பது முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன்.

கலைஞர் மகளிர் உரிமைத்தொகையையே எடுத்துக்கொள்வோம். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியபோது மாதம் 1,000 ரூபாய். குடும்பத் தலைவிக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. நன்செய் 5 ஏக்கருக்குள், அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள். வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். சொந்தக் கார் இருந்தால் கிடையாது. இங்கே குடும்பம் என்பது ரேஷன் அட்டையில் பெயர் உள்ளவர்கள். ஓர் அட்டைக்கு ஒரு பெண்தான். செஞ்சிப் பக்கம் மல்லாட்டை போடும் ஒரு கூட்டுக் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அப்பா பேரில் 12 ஏக்கர் புன்செய்ப் பட்டா, கல்யாணமான மூன்று மகன்கள், எல்லோரும் ஒரே அட்டையில். இரண்டு மகன்கள் கூலி வேலைக்குப் போகிறவர்கள்தான். ஆனாலும் அந்தப் பட்டா மூன்று மருமகள்களையும் சேர்த்தே வெளியே தள்ளிவிடும். மின்சாரமும் அப்படித்தான். இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால், பில்லுக்குச் சராசரியாக 600 யூனிட்டைத் தொட்டாலே வரம்பு போயிற்று. ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் ஓடினால் கோடைக்காலத்தில் அது எளிதாக நடக்கும். விண்ணப்பத்தோடு வருமானச் சான்றோ நில ஆவணமோ வைக்கத் தேவையில்லை என்று சொன்னதைப் பலர் சலுகையாகப் பார்த்தார்கள். உண்மையில், அரசு தன் கையில் உள்ள பதிவுகளை வைத்தே பார்த்துக்கொள்ளும் என்பதுதான் அதன் பொருள். ஆகவே பதிவு சரியாக இருக்கிறதா என்று முதலில் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்துக்குப் போனால் அட்டையின் எல்லை மறைந்துவிடுகிறது. 1992-இல் தொடங்கிய இத்திட்டத்தில் ஒரே பெண் குழந்தை என்றால் 50,000 ரூபாய், இரண்டும் பெண் என்றால் தலைக்கு 25,000 ரூபாய் வைப்புத்தொகை. தாய் தகப்பனில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாடு செய்திருக்க வேண்டும். அவர்களுக்கு ஆண் பிள்ளை இருக்கக் கூடாது. மைத்துனர் மகன் அதே வீட்டில் வளர்ந்தாலும், அதே அட்டையில் இருந்தாலும் அது தடையில்லை. "எங்க வீட்ல பையன் இருக்கானே" என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிடுவது வீண் இழப்பு. பிறந்து மூன்று ஆண்டுக்குள் (இரண்டு பெண் என்றால் இரண்டாவது குழந்தை பிறந்து மூன்று ஆண்டுக்குள்) மனு கொடுக்க வேண்டும் என்பதால், பிறகு வருந்திப் பயனில்லை.

வருமான வரியில் எல்லை இன்னும் சுருங்கி ஒற்றை ஆளிடம் வந்து நிற்கிறது. பழைய வரி முறையில் 80சி பிரிவின் கீழ், ஒருவர் இரண்டு பிள்ளைகள் வரை கட்டிய கல்விக் கட்டணத்தை ஒன்றரை லட்சம் என்ற மொத்த வரம்புக்குள் கழித்துக்கொள்ளலாம். பஸ் கட்டணமும் நன்கொடையும் அதில் சேராது. புதிய முறையில் இந்தக் கழிவே இல்லை. பிரிட்டனிலும் எல்லை ஒற்றை ஆளிடம்தான் நிற்கிறது. அங்கே கணவன் மனைவியில் ஒருவர் வருமானம் ஆண்டுக்கு 60,000 பவுண்டைத் தாண்டினால் குழந்தைப் படியில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டும். இருவரும் தலைக்கு 59,000 வாங்கினால் முழுப் படியும் அவர்களுக்கே. தனி ஆளைக் கணக்கிட்டாலும் வீட்டைக் கணக்கிட்டாலும் யாரோ ஒருவருக்கு அநியாயம் நடக்கத்தான் செய்கிறது. அதனால்தான் கணக்கு எதைப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்வது அவ்வளவு அவசியம்.

பதிவைச் சரியாக வைத்துக்கொள்ளச் சொன்னால் இரண்டு மறுப்புகள் வரும். ஒன்று, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தாலே உரிமைத்தொகை போய்விடும், அதனால் தாக்கல் செய்யாமல் இருப்பதே நல்லது என்பது. இது தவறு. விதி பார்ப்பது இரண்டரை லட்சத்துக்கு மேல் வருமானம் காட்டித் தாக்கல் செய்கிறவர்களை. முன்கூட்டியே பிடித்த வரி (டிடிஎஸ்) திரும்ப வர வேண்டுமானால் தாக்கல் செய்துதான் ஆக வேண்டும். உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வண்டிக் கடனுக்காகவோ வீட்டுக் கடனுக்காகவோ வருமானத்தைக் கூட்டிக் காட்டச் சொல்வார்கள். வரி வராது என்பதால் பலரும் தலையாட்டிவிடுகிறார்கள். புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்று 2025 பட்ஜெட்டில் வந்ததும் அந்தத் துணிச்சல் கூடிவிட்டது. வரி இல்லாமல் போகலாம், ஆனால் காட்டிய வருமானம் அப்படியே பதிவில் நிற்கும்.

இரண்டாவது, கூட்டுக் குடும்பத்தின் ரேஷன் அட்டையைப் பிரிப்பது ஏமாற்று வேலை அல்லவா என்பது. தனி அடுப்பு வைத்துத் தனியாகப் பொங்கித் தின்னும் மகன் பெயர் இன்னும் அப்பா அட்டையில் இருப்பதுதான் பொய்ப் பதிவு. அதைத் திருத்துவது உரிமை. தனிச் சமையல் இருக்கிறதா என்று வட்ட வழங்கல் அலுவலகத்திலிருந்து வந்து பார்ப்பார்கள். ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு பிரிக்கக் கேட்பதை நான் ஆதரிக்க மாட்டேன். பாகப் பிரிவினை முடிந்த நிலமானால் பட்டா மாறுதலையும் சேர்த்தே செய்துவிட வேண்டும்.

உரிமைத்தொகை மனு தள்ளுபடி என்று குறுஞ்செய்தி வந்தால் அதோடு விட்டுவிட வேண்டியதில்லை. முப்பது நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்ய 2023-இலேயே வழி வைத்தார்கள். விக்கிரவாண்டிக்காரர்கள் விழுப்புரம் கோட்டத்தில் வருகிறார்கள். செஞ்சி, மரக்காணம் ஆட்கள் திண்டிவனத்தில். மனுவில் கஷ்டத்தை மட்டும் எழுதினால் அதிகாரியால் செய்ய முடிவது குறைவு. விற்ற கார் இன்னும் பழைய பேரிலேயே நிற்கிறதா, மின் இணைப்பு எண் மாறிப்போனதா, பட்டாவில் பங்காளி நிலமும் சேர்ந்திருக்கிறதா என்று எந்தப் பதிவு தவறோ அதைக் குறிப்பிட்டு, அதற்கான தாளை இணைக்க வேண்டும். விதிகளும் அப்படியே நிற்பதில்லை. அரசு மானியத்தில் நான்கு சக்கர வாகனம் வாங்கிய குடும்பங்களுக்கு 2025-இல் தளர்வு வந்தது. முன்பு தள்ளுபடியானவர்கள் என்ன காரணம் சொன்னார்கள் என்று பழைய குறுஞ்செய்தியைத் தேடி எடுத்து, இன்றைய விதியோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.