உறங்கும் காரின் பாட்டரி

கனடாவில் குளிர்காலச் சாலைகளில் பனியை உருக்க உப்புத் தூவுவார்கள். அந்த உப்பால் கார்கள் துருப்பிடிக்கும். ஆகவே எம்.ஜி.பி. போன்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பலர் வசந்தம் வரும்வரை கொட்டகையில் நிறுத்திவிடுகின்றனர். சும்மா நின்றாலும் பாட்டரி மெல்ல மின்னிறக்கம் அடையும். அதனால் என்ன கெடுதல்?

மின்னேற்றம் நிறைந்த பாட்டரியில் கந்தக அமிலக் கரைசலின் ஒப்படர்த்தி சுமார் 1.27. அது மைனஸ் 50 டிகிரி செல்சியஸிலும் உறையாது. மின்னிறக்கத்தில் அமிலம் குறைந்து நீர் பெருகுகிறது. ஒப்படர்த்தி 1.12 ஆனால் மைனஸ் 10 டிகிரி அளவிலேயே கரைசல் உறையும். விரியும் பனிக்கட்டி பாட்டரியைப் பிளந்துவிடும்.

தடுப்பது எளிது. பெரியவர்கள் பாட்டரியைக் கழற்றி, மாதந்தோறும் ஹைட்ரோமீட்டரால் சோதித்து, குறைந்தால் மின்னேற்றுவார்கள்.

அமிலத்தை நீங்கள் தொட வேண்டாம்! நீரையும் உப்புநீரையும் குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்துப் பாருங்கள். எது முதலில் உறைகிறது?