முகத்தைப் படம் பிடிக்க எந்த லென்ஸ்?

மனிதக் கண்ணும் காமிராவும் ஒன்றுக்கொன்று ஒப்பானவை என்று இயற்பியல் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். கண்ணின் பாவையைப் போலக் காமிராவிலும் சுருங்கி விரியும் துவாரம் ஒன்று உண்டு; விழித்திரை இருக்க வேண்டிய இடத்தில் பிலிம் இருக்கிறது. தேர்வு எழுத இந்த ஒப்புமை போதும். ஆனால் கையில் பழைய காமிரா ஒன்று, கடைக்காரர் மேசைமேல் எடுத்து வைத்த இரண்டு லென்சுகள், அவற்றில் ஒன்றுக்கு மட்டுமே காணும் பணம் என்ற நிலை வந்தால், அதே பாடத்தைக் கணக்கோடு மறுபடி படிக்க வேண்டியிருக்கும். இக்கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது.

நம் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளில் தாத்தாவோ அப்பாவோ வாங்கிய பிலிம் காமிரா பீரோவில் துணி சுற்றிக் கிடப்பதுண்டு. அது ரேஞ்ச்ஃபைண்டர் வகையாக இருந்தால் உங்களுக்கு யோகம் என்பேன். 1961-இல் ஜப்பானில் வெளிவந்த கேனன் 7 என்ற காமிராவை எடுத்துக்கொள்வோம். அதில் 39 மி.மீ. திருகு கொண்ட எந்த லென்சையும் பொருத்தலாம். முகப்படத்திற்கென்று அதற்குக் கிடைக்கும் பழைய லென்சுகளில் இரண்டு: நிக்கார் 85 மி.மீ. எஃப் 2, கேனன் 85 மி.மீ. எஃப் 1.5. எதை வாங்குவது?

முகத்திற்கு 85 மி.மீ. எதற்கு என்று முதலில் கேட்பீர்கள். வழக்கமான 50 மி.மீ. லென்சை வைத்துக்கொண்டு ஒரு முகத்தால் படத்தை நிரப்ப வேண்டுமானால், மிகவும் கிட்டே போக வேண்டும். அவ்வளவு கிட்டத்தில் மூக்கு பருத்தும் காது சிறுத்தும் தெரியும். 85 மி.மீ. இருந்தால் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கலாம். முகம் தன் அளவில் விழும். உட்கார்ந்திருப்பவரும் கூச்சமின்றி இருப்பார். ஆனால் இதை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலைக்கு வந்து, ரமண மகரிஷியை அவருடைய கடைசி நாட்களில் படம் எடுத்தார். லைக்கா என்னும் ரேஞ்ச்ஃபைண்டர் காமிராவும் பெரும்பாலும் 50 மி.மீ. லென்சுமே அவர் வாழ்நாள் துணை. கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, செங்கம் வழியாகப் பேருந்தில் போய்விடக்கூடிய ஊரில் நடந்த சங்கதி இது.

அதே 1950-இல், சில வாரங்கள் கழித்து டோக்கியோவில் நடந்ததுதான் நம் 85 மி.மீ. கதை. 'லைஃப்' பத்திரிகைக்காகப் பணியாற்றிய ஜுன் மிகி என்ற இளைஞர், அமெரிக்கப் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கனின் முகத்தை இருக்கிற வெளிச்சத்திலேயே நிக்கார் 85 மி.மீ. எஃப் 2 லென்சால் எடுத்தார். பிரிண்டைப் பார்த்த டங்கன் அதன் கூர்மையைக் கண்டு வியந்து, லென்ஸ் செய்த நிப்பான் கோகாகு தொழிற்சாலைக்கே போய் விசாரித்தார். ஜூன் 25-இல் கொரியப் போர் மூண்டது. ஜெர்மன் லென்சுகளையே நம்பியிருந்த பத்திரிகை உலகம், டங்கன் அங்கிருந்து அனுப்பிய படங்களைக் கண்டு ஜப்பானிய லென்சைத் திரும்பிப் பார்த்தது. நிக்காரின் அமைப்பும் முற்றிலும் புதியதன்று. லுட்விக் பெர்ட்டெலே என்ற ஜெர்மானியர் சைஸ் நிறுவனத்திற்காக வகுத்த 'சொன்னார்' வழியில், ஐந்து கண்ணாடிகளை மூன்று தொகுதிகளாக ஒட்டிச் செய்தது அது.

இனி எண்களுக்கு வருவோம். எஃப் எண் என்பது குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவது. 85-ஐ 2-ஆல் வகுத்தால் 42.5 மி.மீ.; 1.5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 57 மி.மீ. ஒளி நுழைவது வட்டத்தின் பரப்பைப் பொறுத்தது. ஆகவே இரண்டாவது லென்ஸ் 1.78 மடங்கு ஒளியை வாங்குகிறது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஓர் ஓட்டு வீட்டின் உள்ளே பாட்டி உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஃப் 2-இல் 1/60 வினாடி வேண்டுமென்றால், எஃப் 1.5-இல் சுமார் 1/100 போதும். கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் குவியத் தூர எண்ணுக்குக் குறையக்கூடாது, அதாவது இங்கே 1/85-க்குக் கீழே போகக்கூடாது, என்பது பழைய வழக்கு. அந்த வழக்குப்படி எஃப் 2 தோற்றது, எஃப் 1.5 வென்றது. விற்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வார்கள்!

துவாரம் விரிந்தால் கூர்மையாக விழும் ஆழம் குறையும். பிலிமில் 0.03 மி.மீ.க்கு மேற்படாத மங்கலைக் கண் பொறுத்துக்கொள்ளும் என்று கொண்டு கணக்கிட்டால், ஒரு மீட்டர் தூரத்தில் எஃப் 2-க்குக் கிடைக்கும் ஆழம் சுமார் 15 மி.மீ.; எஃப் 1.5-க்கு 11 மி.மீ. கண்ணிமையில் குறி வைத்தீர்களென்றால் முன்னே பாதி, பின்னே பாதி. அதாவது முதலாவதில் ஏழரை மி.மீ. பிசகலாம், இரண்டாவதில் ஐந்தரைதான். மூச்சு விடும்போதே தலை அவ்வளவு அசையும்.

அந்தக் குறியை எவ்வளவு சரியாக வைக்க முடியும்? இதுதான் ரேஞ்ச்ஃபைண்டரில் தனிக்கேள்வி. ஒரு விரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணால் பாருங்கள். விரல் இடம் பெயர்வது போலத் தோன்றும். ரேஞ்ச்ஃபைண்டரின் வித்தை அதுவே. காமிராவில் இரண்டு சாளரங்கள் உண்டு. அவற்றின் இரு பிம்பங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் வரை லென்சைத் திருப்ப வேண்டும். சாளரங்களின் இடைவெளியே முக்கோணத்தின் அடிப்பக்கம். கேனன் 7-இல் அது 59 மி.மீ.; பார்க்கும் சாளரம் 0.8 மடங்காகச் சுருக்கிக் காட்டுவதால் பயன்படும் அடிப்பக்கம் 47 மி.மீ. நம் கண் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு வேறுபாட்டைக் காணும். ஒரு மீட்டரில் அது பக்கவாட்டில் 0.29 மி.மீ. தூரம் அடிப்பக்கத்தைப் போல் 21 மடங்கு. ஒத்த முக்கோண விதிப்படி 0.29-ஐ 21-ஆல் பெருக்கினால் சுமார் 6 மி.மீ. நீங்கள் எவ்வளவு கவனமாகத் திருப்பினாலும் குறி 6 மி.மீ. முன்பின்னாகப் போகக்கூடும் என்பது இதன் பொருள்.

மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஏழரை, ஆறு, ஐந்தரை. காமிராவின் பிசகு எஃப் 2-இன் இடத்திற்குள் அடங்குகிறது; எஃப் 1.5-இன் இடத்தை மீறுகிறது. லைக்கா எம் 3-க்குப் பயன்படும் அடிப்பக்கம் 62 மி.மீ. என்பதால் அதில் 1.5-உம் ஒருவாறு தாக்குப்பிடிக்கும். 2000-இல் வந்த வாய்க்ட்லாண்டர் பெஸ்ஸா ஆர் காமிராவுக்கோ 25 மி.மீ.தான், அதில் எஃப் 2 கூட முகத்தருகே நம்பத்தக்கதன்று. லென்சின் விலையைப் பார்க்குமுன் காமிராவின் இரு சாளரங்களுக்கு நடுவே ஸ்கேல் வைத்து அளந்துவிடுவது நல்லது.

இன்னொன்றும் உண்டு, இது ஓசூர்க்காரர்களுக்கு உடனே விளங்கும். கைக்கடிகாரமும் லாரியும் செய்யும் ஊர் நம்முடையது. பெற்றோரில் பலர் அன்றாடம் மைக்ரோமீட்டரைத் தொடுகிறவர்கள். ஒரு மீட்டரைக் குறிவைக்க 85 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 8 மி.மீ. முன்னே நகர வேண்டும். காமிராவின் நெம்புகோலோ 50 மி.மீ. லென்சின் நகர்வை மட்டுமே அறியும். அதற்கு அது மூன்று மி.மீ.க்கும் குறைவு. எட்டை மூன்றாக மாற்றிச் சொல்ல லென்சின் பின்புறம் சரிவாகக் கடைந்த ஒரு வளையம் வைத்திருக்கிறார்கள். அந்த வளையம் 0.02 மி.மீ. தேய்ந்திருந்தால் போதும், ஒரு மீட்டரில் ஆறேழு மி.மீ. குறி தவறும். இவை அறுபது, எழுபது ஆண்டு கண்ட லென்சுகள். எத்தனை பேர் கழற்றி மாட்டினார்களோ!

எஃப் 1.5-இன் வேறு குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எடை முக்கால் கிலோ அளவு. பருத்த உடல், பார்க்கும் சாளரத்தின் ஒரு மூலையை மறைக்கும். முழுதும் திறந்து எடுத்தால் படத்தின் மேல் மெல்லிய பனி படர்ந்தாற்போல் இருக்கும். 'பெண்களின் முகத்துக்கு அந்த மென்மை அழகு' என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாட்டியின் நெற்றிச் சுருக்கம் அவர் சம்பாதித்தது; அதைக் கரைத்துவிட லென்சுக்கு உரிமை கிடையாது. மேலும் ரேஞ்ச்ஃபைண்டரின் சாளரத்தில் எல்லாம் எப்போதும் தெளிவாகவே தெரியும். எது மங்கும், எவ்வளவு மங்கும் என்பதைப் பிலிம் கழுவிய பிறகுதான் காண்பீர்கள். இன்றைய கைபேசி, பின்னணியைக் கணக்குப் போட்டு மங்கலாக்கி உடனே காட்டிவிடுகிறது. பிலிமில் முப்பத்தாறு வாய்ப்புகளே, பாட்டியும் ஒருவர்தான்.

அப்படியானால் அந்த 1/60 வினாடிக்கு என்ன வழி? பாட்டியின் நாற்காலியைக் கதவோரம் இரண்டடி நகர்த்துங்கள். இருட்டறையில் அது பல சமயம் எஃப் 1.5 தருவதைவிட அதிக வெளிச்சம் தரும், செலவும் இல்லை. முழங்கையைத் தூணில் சாய்த்து, மூச்சை விட்டு முடித்த நொடியில் அழுத்துங்கள். அவரை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காரச் சொன்னால் முன்பின் அசைவும் குறையும்.

எஃப் 1.5 வீண் என்று சொல்ல வரவில்லை. ஆண்டு விழா மேடையில் ஆடும் பெண்ணை நான்கு மீட்டரிலிருந்து எடுப்பதானால் என் தீர்ப்பு மாறும். அங்கே அதன் ஆழம் சுமார் 19 செ.மீ.; ஒரு முகம் முழுதும் அதில் அடங்கும். சில மி.மீ. அசைவு பொருட்டில்லை, சுழலும் கையை நிறுத்தக் கூடுதல் வேகமே தேவை. ரேஞ்ச்ஃபைண்டரின் பிசகு மட்டும் தூரத்தோடு தானும் வளர்ந்து, அந்த 19 செ.மீ.யின் பாதியைத் தொட்டுவிடும். ஆகவே ஆட்டம் தொடங்குமுன் மேடையில் அவள் வந்து நிற்கும் இடத்தைப் பலமுறை குறிவைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். மேடைப் படமே நோக்கமென்றால் எஃப் 1.5; வீட்டிலுள்ளவர்களின் முகங்கள் என்றால், கேனன் 7 வைத்திருப்பவருக்கு எஃப் 2.

எதை வாங்கினாலும் அதே காமிராவில் மாட்டிச் சோதியுங்கள். கேனன் 7-இன் பின்கதவு திறக்கும். பிலிம் இல்லாமல், பிலிம் ஓடும் தடத்தின் மேல் டிரேசிங் பேப்பர் துண்டு ஒன்றைத் தட்டையாக ஒட்டி, லென்சை முழுதும் திறந்து, ஷட்டரை 'பி' நிலையில் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே உள்ள ஷட்டர்த் திரையில் விரல் படக்கூடாது. ஒரு மீட்டர் தள்ளிச் செய்தித்தாள் ஒன்றைச் சாய்வாக நிறுத்தி, டார்ச் அடித்து, நடு வரியில் இரு பிம்பங்களையும் பொருத்துங்கள். டிரேசிங் பேப்பரில் அந்த வரியே தெளிவாக இருக்கிறதா, மேல்வரியா, கீழ்வரியா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள். பிறகு லென்சைக் கழற்றி, டார்ச்சைப் பின்பக்கமாகக் காட்டிப் பூஞ்சை நூல் ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். கடைக்காரர் சலித்துக்கொண்டாலும் சரி, இரண்டையும் மாற்றி மாற்றி இப்படிப் பார்த்த பிறகே பணத்தை வெளியே எடுங்கள்.