பெட்டி உள்ளே, எந்திரம் வெளியே

லடாக்கின் உயர்ந்த மலைப்பகுதிகளில் மின்கம்பி எட்டாத முகாம்கள் உள்ளன. அங்கு ஒரு விளக்கிற்காக இரவு முழுவதும் ஜெனரேட்டரை ஓட்டினால் எரிபொருள் வீணாகும். சுமை சிறிதாயினும் எந்திரம் சுழல்வதற்கே எரிபொருள் செலவாகும் அன்றோ?

ஆதலால் மக்கள் மின்சாரத்தைப் பெட்டியில் சேமிக்கின்றனர். 1000 வாட்-மணி கொள்ளளவுள்ள மின்சேமிப்புப் பெட்டியை 500 வாட் அளவில் மின்னேற்ற இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேலாகும். பின்னர் ஜெனரேட்டரை நிறுத்திவிடலாம். 10 வாட் விளக்குச் சில இரவுகள் எரியும்.

முதலில் ஜெனரேட்டரை இயக்குக. ஓட்டம் சீரானபின் பெட்டியை இணைத்திடுக. பெட்டி ஈர்க்கும் மின்திறன் ஜெனரேட்டரின் திறனை விஞ்சலாகாது.

லித்தியம் மின்கலத்தை 0 டிகிரி செல்சியசுக்குக் கீழ் மின்னேற்றினால் அது பழுதுபடும். எனவே பெட்டி வீட்டினுள் இருத்தல் வேண்டும். ஜெனரேட்டரோ கதவு, சாளரங்களுக்கு அப்பால், திறந்த வெளியில் இருத்தல் வேண்டும். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோர் அறியாமலே உயிரைக் கவர்ந்துவிடும். குளிருக்கு அஞ்சி எந்திரத்தை உள்ளே கொணர்தல் கூடாது.

பயிற்சி
1. ஜெனரேட்டரை வீட்டினுள் வைக்கலாகாது. ஏன்?
2. பெட்டியை வீட்டினுள் வைப்பதன் காரணம் யாது?
3. பிரித்து எழுதுக: வீணாகும், நிறமுமில்லை.