உண்ணிவழி மூளைக்காய்ச்சல் தடுப்பூசி: தாப்பாவிலிருந்து ஐரோப்பா செல்வோருக்கான நாட்கணக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள தாப்பாவிலேயே வாழ்பவருக்கு இந்தத் தடுப்பூசி தேவையில்லை. பழைய ரப்பர்த் தோட்டங்களிலும் கேமரன் மலைக்கு ஏறும் சாலையோரக் காடுகளிலும் உண்ணிகள் உண்டு என்றாலும், உண்ணிவழி மூளைக்காய்ச்சலைத் தரும் வைரஸ் ஆஸ்திரியா, ஜெர்மனி, செக் குடியரசு, பால்டிக் நாடுகள் ஆகியவற்றில் தொடங்கி ரஷ்யா வழியாக ஜப்பான் வரை நீளும் நிலப்பரப்புக்கு உரியது. படிப்புக்கோ வேலைக்கோ அங்கே செல்பவரும் அவரை வழியனுப்பும் குடும்பத்தாருமே இந்தக் கணக்கைப் போட வேண்டியவர்கள்.

கிளினிக்கில் நோயின் முழுப்பெயரைச் சொல்லிக் கேட்பது முதல் வேலை. ‘மூளைக்காய்ச்சல் ஊசி’ என்று மட்டும் கேட்டால், கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான ஊசி கிடைத்துவிடலாம். ஒரு வைரஸுக்கான ஊசி வேறொரு வைரஸைத் தடுக்கும் என்று எண்ணியிருக்கக் கூடாது என்பதைப் பேராக் மக்கள் பிறரைவிட நன்கு அறிவர். 1998 செப்டம்பரில் ஈப்போவை ஒட்டிய கிந்தா வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய நோய் முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டு, கொசுமருந்துப் புகையும் தடுப்பூசியும் அதற்கேற்பவே வழங்கப்பட்டன; ஊசி போட்டுக்கொண்டவர்களும் நோயுற்றார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் புதியதொரு வைரஸைப் பிரித்தெடுத்த பின்னரே அது நிப்பா என்பது தெளிவாயிற்று. அதற்குள்ளும் அதன் பின்னும் நோயுற்ற 265 பேரில் 105 பேர் இறந்தனர். ஊசியில் குறை இல்லை. அது தடுக்கும் நோய் வேறு.

அடுத்தது, பாதுகாப்பு விழுக்காட்டைச் சரியாகப் படிப்பது. 1981இல் பெருந்திரள் தடுப்பூசி இயக்கத்தைத் தொடங்கிய ஆஸ்திரியாவில், ஊசிகளை உரிய காலத்தில் போட்டுக்கொண்டவர்களிடம் பாதுகாப்பு 96 முதல் 99 விழுக்காடு வரை இருந்ததாக ஆய்வுகள் கண்டன. ஊசி போட்ட நூறு பேரில் நால்வருக்கு நோய் வரும் என்பது இதன் பொருளன்று. பலர் இப்படித்தான் படித்து அஞ்சுகிறார்கள். அந்நாட்டில் ஊசி போடாத பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60 பேர் நோயுறுவர் எனக் கொண்டால், முறையாகப் போட்ட அதே எண்ணிக்கையினரில் அதிகம் போனால் இரண்டு மூன்று பேருக்கே அது வரும் என்பதுதான் பொருள். இந்த வைரஸ் காட்டு எலிகளிடமும் உண்ணிகளிடமும் தங்கியிருக்கிறதேயன்றி மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை. ஆகவே விடுதியிலுள்ள மற்ற அனைவரும் ஊசி போட்டிருந்தாலும் போடாத ஒருவரின் ஆபத்து சற்றும் குறையாது.

உண்ணி நோய்க்கான ஊசிகள் அனைத்தும் இதே அளவு காப்பவையும் அல்ல. இந்தியாவில் முதுமலையிலும் அதை ஒட்டிய கர்நாடகக் காடுகளிலும் காணப்படும் கியாசனூர் காட்டு நோய் இதே வைரஸ் குடும்பத்தால் வருவதாயினும், அதற்கான ஊசி இரண்டு முறை போட்டவர்களுக்கு ஏறத்தாழ 62 விழுக்காடும், ஊக்க ஊசியும் சேர்த்துப் போட்டவர்களுக்கு 83 விழுக்காடும் மட்டுமே காத்தது. ஆஸ்திரியாவின் எண்ணை அங்கே பொருத்துவது தவறு.

பெரும்பாலோர் இடறுவது நாட்கணக்கில்தான். ஐரோப்பாவில் இரண்டு ஊசிகள் வழக்கில் உள்ளன. எஃப்எஸ்எம்இ-இம்யூன் என்பதில் முதல் ஊசிக்கு ஒன்று முதல் மூன்று மாதங்கள் கழித்து இரண்டாவதும், அதற்கு ஐந்து முதல் பன்னிரண்டு மாதங்கள் கழித்து மூன்றாவதும் போடப்படுகின்றன. என்செபூர் என்பதில் மூன்றாம் ஊசிக்கான இடைவெளி ஒன்பது முதல் பன்னிரண்டு மாதங்கள். ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் படிக்கச் செல்பவர் பொதுவாகச் செப்டம்பர் இறுதியில் புறப்படுவதால், புறப்படும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஜூலைத் தொடக்கத்தில் முதல் ஊசியையும் ஆகஸ்டில் இரண்டாவதையும் முடிப்பதே சரி. எஃப்எஸ்எம்இ-இம்யூன் போட்டவருக்கு மூன்றாவது ஊசி ஜனவரியிலேயே அமையும். உண்ணிகள் அங்கே இளவேனிலில்தான் பெருகத் தொடங்கும் என்பதால் அதற்குள் முழுப் பாதுகாப்பும் வந்துவிடும். என்செபூர் போட்டவரோ மே மாதம் வரை காத்திருக்க நேரும். ஆகவே இந்த வழக்கமான இடைவெளிகளில் போடுவதானால், செப்டம்பரில் புறப்படுபவருக்கு எஃப்எஸ்எம்இ-இம்யூன் வசதியானது. தொடங்கிய ஊசியிலேயே முடிக்கவும் வேண்டும்.

கடைசி வாரங்களில் நினைவுக்கு வந்து ஓடுவோருக்காக விரைவு முறையும் உண்டு. எஃப்எஸ்எம்இ-இம்யூனின் இரண்டாம் ஊசியை இரண்டே வாரத்தில் போடலாம். ஆனால் இரண்டு ஊசிகளோடு நிறுத்திக்கொள்வது போதாது, ஏனெனில் அவை தரும் பாதுகாப்பு நீடிப்பதில்லை. மூன்றாவதுதான் அதை ஆண்டுக்கணக்கில் நிலைநிறுத்துகிறது. நாள் தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்டதைப் போட்டுத் தொடர்ந்தால் போதும். மூன்று ஆண்டுகளில் ஓர் ஊக்க ஊசியும், பின்னர் ஐந்தாண்டுக்கு ஒன்றும் போதுமானவை. எஃப்எஸ்எம்இ-இம்யூன் போட்ட அறுபது வயதைக் கடந்தவருக்கு மூன்றாண்டுக்கு ஒன்று வேண்டும்.

இந்த ஊசிகள் கோழிக்கருவின் செல்களில் வளர்த்துச் செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸால் ஆனவை; முட்டையால் கடும் ஒவ்வாமை வருபவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். உயிருள்ள வைரஸைக் கொண்டு ஊசி செய்யும் முயற்சி ஒன்று நடந்தது, அதற்கு மூலப்பொருள் மலேசியாவுடையது என்பது இங்கே குறிக்கத்தக்கது: 1956இல் சிலாங்கூரின் உலு லாங்காட்டில் உண்ணிகளிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட லாங்காட் வைரஸ், ஐரோப்பிய வைரஸுக்கு நெருங்கிய உறவாயினும் வீரியம் குறைந்தது என்பதால் சோவியத் நாட்டில் பல லட்சம் பேருக்கு ஊசியாகப் போடப்பட்டது. ஏறத்தாழ 18,500 பேருக்கு ஒருவர் வீதம் மூளை அழற்சி கண்டதால் அது கைவிடப்பட்டது.

ஊசி போட்டவரும் உண்ணியை உடலில் தேடியாக வேண்டும், ஏனெனில் அதே உண்ணி பரப்பும் லைம் நோயை இந்த ஊசி தடுக்காது. நுண்ணிடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் போதும். மண்ணெண்ணெய் தடவுவது, சுருட்டு நுனியால் சுடுவது போன்ற தோட்டத்து வைத்தியம் வேண்டாம். மூளைக்காய்ச்சல் வைரஸ் உண்ணியின் எச்சிலிலேயே இருப்பதால் கடித்த சில நிமிடங்களில் உடலுக்குள் சென்றுவிடும்; விரைவாகப் பிடுங்குவது லைம் நோய்க்குத்தான் பெரிதும் உதவும். காய்ச்சாத ஆட்டுப்பாலும் இந்த வைரஸைக் கொண்டிருக்கக்கூடும்.

ஊசி அட்டையை ஊர் திரும்பிய பின்னும் எறியக் கூடாது. டெங்கி, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், உண்ணிவழி மூளைக்காய்ச்சல் ஆகிய மூன்றும் ஒரே குடும்ப வைரஸ்களால் வருவதால், ஒன்றின் எதிர்ப்புப்பொருள் மற்றொன்றின் இரத்தப் பரிசோதனையில் தவறாகத் தென்படலாம். டெங்கி பரவும் பேராக்கில் காய்ச்சலோடு மருத்துவமனைக்குச் செல்பவர் எந்த ஊசியை எந்த நாளில் போட்டுக்கொண்டார் என்பதை இரத்தம் எடுக்கும் முன்பே காட்டிவிட வேண்டும்.