கண்ணைப் பறிக்கும் கரும்பூஞ்சை

நம் சரீரத்துக்குள் ஒரு காவற்படை இருக்கின்றது. அது விழித்திருக்கும்வரை காற்றிலும் மண்ணிலுமுள்ள எத்தனையோ கிருமிகள் நம்மை ஒன்றும் செய்வதில்லை. அது தளர்ந்தால் அற்பக் கிருமியும் துணிந்து உள்ளே புகும். அவ்வாறு புகுந்து கண்ணைக் கெடுக்கும் வியாதியொன்றை இப்பாடத்தில் அறிவோம்.

1. வியாதி யாது?

ஈர ரொட்டியிலும் அழுகிய காய்கறியிலும் பூஞ்சை படர்வதைக் கடையிலும் வீட்டிலும் காண்கிறோம். அவ்வினத்தைச் சேர்ந்த சில பூஞ்சைகளின் நுண்வித்துக்கள் மூச்சோடு மூக்கினுள் செல்கின்றன. திடகாத்திரமானவருக்குப் பெரும்பாலும் தீங்கில்லை. காவல் தளர்ந்தவருக்கோ, அது மூக்கையடுத்த எலும்பறைகளில் வேரூன்றி, இரத்தக் குழாய்களை அடைத்து, கண்குழிக்கும் அங்கிருந்து மூளைக்கும் ஏறும். இரத்தம் எட்டாத சதை செத்துக் கறுக்கும். கரும்பூஞ்சை என்ற பெயர் அதனால் வந்ததே. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

2. யாருக்கு வரும்?

இனிப்பு நீர் கட்டுக்கடங்காதவர், ஸ்டெராய்டு மருந்தை அதிகமாக உட்கொள்வோர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், மாற்றுச் சிறுநீரகம் முதலியன பொருத்தப்பட்டோர் ஆகியோருக்கே அபாயம் மிகுதி. 2021-ல் கோவிட் பரவியபோது இந்தியாவில் இது பெருகிற்று. நோயின் கடுமைக்காகக் கொடுத்த ஸ்டெராய்டு, சர்க்கரையை ஏற்றியதோடு காவலையும் தளர்த்தியது. அவ்வாண்டு மே மாதம், இந்நோய் கண்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டுமெனத் தமிழ்நாட்டில் உத்தரவாயிற்று. ஜூலைக்குள் இந்தியாவில் 40,000 பேருக்கு மேல் பீடிக்கப்பட்டனர். ஆம்போடெரிசின் ஊசிமருந்துக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று. உயிரைக் காக்கக் கண்ணையே எடுக்க நேர்ந்தவர்களும் உண்டு.

3. அடையாளங்கள் யாவை?

முகத்தின் ஒரு பக்கம் வலி அல்லது மரப்பு, மூக்கடைப்பு, கறுத்த சளி, கண்ணைச் சுற்றி வீக்கம், இமை தொங்குதல், ஒன்று இரண்டாகத் தெரிதல், பல் ஆடுதல்.

எச்.ஐ.வி. முற்றியவர்களுக்குச் சைட்டோமெகலோ வைரஸ் என்னும் வேறொரு கிருமி விழித்திரையை அரிக்கும். அதில் வலி இராது. கண்முன் புள்ளிகள் மிதப்பதும் பார்வை மங்குவதுமே அறிகுறி.

4. நாம் செய்ய வேண்டியது என்ன?

மேற்சொன்ன பலவீனமுள்ளவருக்கு இவ்வடையாளம் கண்டால், கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு நாளைக் கடத்தலாகாது. அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்க.

இனிப்பு நீர் உள்ளோர் பலதுறை மருந்தகத்தில் தவறாது சோதித்துக்கொள்க. மூட்டுவலிக்கென விற்கப்படும் சில மருந்துகளில் ஸ்டெராய்டு மறைத்துக் கலக்கப்பட்டிருந்ததைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்துள்ளது. "சொந்தக்காரர் கொடுத்தனுப்பினார்" என்று பேர் தெரியாத மாத்திரையை விழுங்காதீர். ஏற்கெனவே உண்டு வருபவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மாத்திரையோடு டாக்டரிடம் போய்க் காட்டுக.

இதை வாசிக்கும் இளைஞர்கள், எழுத்து மங்கிய முதியோருக்கும் வாசித்துக் காட்டுவார்களாக.