வகுப்பில் முழுப் பாடவேளை உட்காரச் சொல்

அன்புத் தங்கைக்கு,

இடைநிலை ஆசிரியராகப் பணியேற்ற கையோடு, "ஆய்வுக்கு வருகிறவர்களைக் கண்டு பயப்படணுமா அக்கா?" என்று கேட்டிருந்தாய். பயப்படாதே. ஆய்வே கூடாது என்பவர்களோடும் சேராதே.

வட்டாரக் கல்வி அலுவலர் வருவார். பாடக்குறிப்பேடு, வருகைப் பதிவேடு, எமிஸ் இணையதளத்தில் ஏற்றிய விவரம் எல்லாம் பார்ப்பார். ஒரு பையனை எழுப்பி வாசிக்கச் சொல்வார். அவன் திணறினால் உன் பெயரில் ஒரு குறிப்பு விழும். செங்கல் சூளைக்குப் போன பெற்றோருடன் பாதி வருஷம் அலைந்துவிட்டு, எழுத்தே மறந்து திரும்பியவன் அவன். இப்போதுதான் 'படம்', 'மரம்' என்று எழுத்துக் கூட்டுகிறான். இதெல்லாம் அந்தக் குறிப்பில் வராது. ஒரு பாடவேளை முழுக்க உட்கார்ந்து பார்ப்பவருக்குத்தான் இது தெரியும். அதனால் உட்காரச் சொல்லிக் கேள். கண்டதை எழுத்தில் கேள். உன் விளக்கத்தையும் அதோடு இணைக்கச் சொல். ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் சம்பளக் கோரிக்கைக்கு அடுத்ததாக இந்தக் கோரிக்கையை வைக்கச் சொல்லிப் பேசு.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும், இன்னும் தேறாத ஆசிரியர்கள் இரண்டாண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றாகிவிட்டது. புதிதாக வருகிறவர்களுக்கு அந்தத் தேர்வு சரி. இருபது வருஷம் பாடம் நடத்தியவரின் திறமையை ஒரு வினாத்தாளால் அளப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவரை அளக்க வேண்டிய இடம் வகுப்பறை.

வகுப்பறையில் அளக்கலாம் என்றால் பணிப் பாதுகாப்பு எதற்கு என்று வெளியே கேட்பார்கள். 2022இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக, மாதம் 7,500 ரூபாய்க்குத் தற்காலிக இடைநிலை ஆசிரியர்களை எடுக்கத் தமிழ்நாடு அரசு முன்வந்தது. அப்படி வந்த ஒருவர், கழிப்பறையில் ஏன் தண்ணீர் இல்லை என்று மேலே எழுதிக் கேட்பாரா? அடுத்த மாதம் வேலை இருக்குமா என்ற கவலையே அவர் வாயைக் கட்டிவிடும். நிரந்தரப் பணியில் இருந்தவர்களுக்கும் இந்தக் கவலை வந்ததுண்டு. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஆசிரியர், அரசு ஊழியர் என ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை அரசு ஒரே வீச்சில் நீக்கியது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லை என்று உச்ச நீதிமன்றமும் சொன்னது. பெரும்பாலோர் திரும்ப எடுக்கப்பட்டார்கள். ஆனாலும் அன்று வீட்டில் அடுப்பு எரியாதவர்களின் பயம் இன்னும் நம் ஓய்வறைகளில் இருக்கிறது.

அதே பாதுகாப்புக்குள், பாடமே நடத்தாதவரும் ஒளிந்துகொள்கிறார். ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(ஆ) குறிப்பாணை கொடுத்த பிறகு விசாரணை வருஷக்கணக்கில் இழுக்கிறது. குற்றமில்லாதவர் பதவி உயர்வை இழக்கிறார், குற்றமுள்ளவர் அதே வகுப்பில் தொடர்கிறார். சீக்கிரம் விசாரித்து முடியுங்கள் என்று முதலில் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

கடைசியாக, உன் பணிப் பாதுகாப்புக்கு ஒன்று: மூன்றாண்டுக்குள் இரண்டாண்டுப் பணி முடிந்ததும், தகுதிகாண் பருவம் முடித்ததற்கான ஆணையைக் கேட்டு நீயே விண்ணப்பம் கொடு. அலுவலகம் தானாகச் செய்யும் என்று காத்திருக்காதே. ஆணை வந்ததும் அது பணிப்பதிவேட்டில் ஏறிவிட்டதா என்று கண்ணால் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா